தாய்ப்பிங் உள்நாட்டுப் போரும் திருச்சபையின் சாட்சியும்

சீனத் திருச்சபையின் வரலாற்றைப் பயிலும்போது, ராபர்ட் மாரிசனின் வேதாகம மொழிபெயர்ப்பிலும் ஹட்சன் டெய்லரின் உள்நாட்டு மிஷனிலும் நெடுநேரம் தங்கி, இடையிலுள்ள தாய்ப்பிங் கலகத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நம்மிடையே வழக்கமாக இருந்துவருகிறது. ஆனால் 1851 முதல் 1864 வரை நடந்த அப்போர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் கண்ட மாபெரும் உள்நாட்டுப் போராகும். அதில் மாண்டவர் இரண்டு கோடிக்குக் குறையார் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் மதிப்பீடு. வாளால் விழுந்தவர்களைவிடப் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் மடிந்தவர்களே மிகுதி.

இப்போர் ஒரு கிறிஸ்தவத் துண்டுப்பிரதியின் தாக்கத்தில் முளைத்தது. கிறிஸ்தவ நாடுகள் எனப்பட்டவற்றின் பீரங்கிகளால் முடிவை நோக்கித் தள்ளப்பட்டது. கிறிஸ்தவர்கள் எழுதிய கடிதங்கள், பத்திரிகைகள் வாயிலாகவே மேலைநாடுகள் இதைப் பெரிதும் அறிந்தன. இம்மூன்றில் கடைசியானதே நமது கட்டுரையின் மையம். தொலைவில் நடக்கும் போரைக் குறித்துத் திருச்சபை எவ்வாறு சாட்சி பகர்ந்தது, எங்கே தவறியது என்பதை ஆராய்வது ஊழியர்களாகிய நமக்குப் பயன் தரும்.

1. துண்டுப்பிரதியிலிருந்து போர்க்களத்திற்கு

ஹொங் சியூச்சுவான் 1814இல் குவாங்துங் மாநிலத்தில் ஹாக்கா இனத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அரசுப்பணிக்குரிய தேர்வை எழுதக் காண்டன் நகருக்குச் சென்றபோது, 1836இல், லியாங் ஃபா எழுதிய துண்டுப்பிரதிகள் அவர் கைக்குக் கிட்டின. லியாங் ஃபா அச்சுப்பலகை செதுக்கும் தொழிலாளி. மலாக்காவில் வில்லியம் மில்னிடம் திருமுழுக்குப் பெற்று, மாரிசனால் ஊழியத்திற்கு அமர்த்தப்பட்டவர். மறுஆண்டு மீண்டும் தேர்வில் தோல்வியுற்று நோயில் கிடந்த ஹொங், விண்ணுலகில் முதியவர் ஒருவர் பேய்களை அழிக்கும்படி தம்மிடம் வாள் ஒன்றைக் கொடுப்பதாகத் தரிசனம் கண்டார். 1843இல் நான்காம் முறையும் தோற்றபின் அப்பிரதிகளை ஊன்றிப் படித்து, முதியவர் கடவுள் என்றும், தாம் இயேசுவின் தம்பி என்றும் முடிவு செய்தார்.

1847இல் காண்டனில் பாப்டிஸ்ட் மிஷனெரியாகிய ஐசக்கார் ராபர்ட்ஸிடம் சில மாதங்கள் மறைநூல் கற்றார். ஆயினும் திருமுழுக்குப் பெறாமலேயே திரும்பினார். குவாங்சி மலைநாட்டில் அவருடைய தோழர் ஃபெங் யுன்ஷான் உருவாக்கிய கடவுள் வழிபாட்டோர் சங்கத்தில் ஏழை உழவர்களும் சுரங்கத் தொழிலாளரும் திரண்டனர். 1851 ஜனவரி 11இல் ஜின்தியென் என்னும் சிற்றூரில் கலகக்கொடி ஏறியது. தாய்ப்பிங் என்னும் சொல்லுக்கு மகா சமாதானம் என்பது பொருள்.

இறையியல் நோக்கில் நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரிசனத்தில் ஹொங் கண்ட பேய்கள் முதலில் விக்கிரகங்களாகக் கொள்ளப்பட்டன. சில ஆண்டுகளில் அச்சொல் நாட்டை ஆண்ட மஞ்சு இனத்தார்மேல் இறங்கியது. சிலையை உடைக்கும் கட்டளை மனிதனைக் கொல்லும் கட்டளையாக மாறுவதற்கு இந்த ஒரு சொல்லின் இடப்பெயர்ச்சியே போதுமானதாயிற்று.

2. முதற்செய்திகளின் மகிழ்ச்சி

1853 மார்ச் 19இல் கலகப்படை நான்கிங் நகரைக் கைப்பற்றித் தலைநகராக்கிக் கொண்டது. ஏப்ரல் இறுதியில் ஹாங்காங் ஆளுநர் ஜார்ஜ் பானம் ஹெர்மிஸ் என்னும் போர்க்கப்பலில் அங்கு சென்றார். பிரிட்டன் நடுநிலை வகிக்கும் என்று அறிவிப்பதும், வணிக உடன்படிக்கைகள் காக்கப்படும் என்பதை உறுதிசெய்து கொள்வதுமே அவர் நோக்கம். அவருடன் சென்றோர் கலகக்காரரின் நூல்களைக் கொண்டுவந்தனர். மிஷனெரி மெதர்ஸ்ட் அவற்றை மொழிபெயர்க்க, ஷாங்காயின் நார்த் சைனா ஹெரால்டு பத்திரிகை வெளியிட்டது.

அவற்றைப் படித்த கிறிஸ்தவ உலகம் பூரித்தது. பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்யும் படை. அபினியைத் தடைசெய்து, பெண்களின் கால்களைக் கட்டும் வழக்கத்தை ஒழித்து, ஓய்வுநாளை அனுசரித்து, வேதாகமத்தை அச்சிடும் அரசு! நாற்பது ஆண்டு உழைப்பில் மிஷனெரிகள் பெற்ற விசுவாசிகள் மிகச் சிலரே; இப்போதோ ஒரு பேரரசே மனந்திரும்பப் போவதாகத் தோன்றியது. பிரிட்டிஷ் அன்னிய நாட்டு வேதாகமச் சங்கம் சீனருக்குப் பத்து இலட்சம் புதிய ஏற்பாடுகளை அச்சிட நிதி திரட்டத் தொடங்கியது அவ்வாண்டிலேதான். பாசல் மிஷனைச் சார்ந்த தியோடர் ஹாம்பர்க், ஹொங்கின் உறவினராகிய ஹொங் ரெங்கான் கூறியவற்றைக் கொண்டு 1854இல் எழுதிய சிறுநூலும் இவ்வார்வத்தை வளர்த்தது.

ஆனால் பானமின் கப்பல் நான்கிங்கை அடைவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன்பு அந்நகரில் நடந்தது என்ன? கோட்டைக்குள் வாழ்ந்த மஞ்சு இனத்தார், போர்வீரர் மட்டுமன்றிப் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஆகப் பல்லாயிரம் பேர், பேய்கள் என்று கொல்லப்பட்டனர். கப்பலில் சென்றவர்கள் இதைக் கேட்டறிந்தனர். இருப்பினும் தாயகத்துச் சபைகளில் பரவியது வேதாகமம் அச்சிடப்பட்ட செய்தியேயன்றி, கொல்லப்பட்ட குழந்தைகளின் செய்தியன்று. நமது சமயம் வெல்லப்போகிறது என்ற நம்பிக்கை எழும்போது, அந்த வெற்றிக்குப் பிறர் கொடுக்கும் விலை கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

கத்தோலிக்க மிஷனெரிகள் தொடக்கமுதலே கலகத்தை வெறுத்தனர். அவர்களது ஆலயங்களின் சொரூபங்கள் உடைக்கப்பட்டன, சபையார் துன்புறுத்தப்பட்டனர். இதனால் அவர்கள் கொடுமையை முன்னரே கண்டுகொண்டனர். எனினும் அவர்களும் தங்கள் மந்தைக்கு நேர்ந்ததை அளவுகோலாக வைத்தே எழுதினர் என்பதை நாம் மறக்கலாகாது.

1856 செப்டம்பரில் கலகத் தலைவர்கள் தமக்குள் மோதிக்கொண்டனர். கீழ்த்திசை அரசர் எனப்பட்ட யாங் சியூச்சிங்கும், அவரைச் சார்ந்த ஆயிரக்கணக்கானோரும் ஒரே நகருக்குள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். வெளியே பேய்களைத் தேடிய வாள் தன் சொந்த வீட்டாரிடமே திரும்பிற்று.

3. வல்லரசுகளின் நடுநிலை

பிரிட்டனும் பிரான்சும் அறிவித்த நடுநிலை எவ்வளவு காலம் நின்றது என்பதற்கு 1860 ஆகஸ்ட் மாதமே சான்று. அம்மாதம் இருநாட்டுப் படைகளும் வடக்கே சீனப் பேரரசின் தாக்கூ கோட்டைகளைத் தாக்கி, 21ஆம் நாள் கைப்பற்றின. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், ஷாங்காயை நெருங்கிய தாய்ப்பிங் படைமீது அதே நாடுகளின் வீரர்கள் சுட்டு, பேரரசின் நகரைக் காத்தனர். ஒரே வாரத்தில் ஒரே அரசைத் தாக்கியும் காத்தும் நின்ற இச்செயலை நடுநிலை என்று எங்ஙனம் சொல்வது?

காரணம் வெளிப்படையானது. 1858இன் உடன்படிக்கைகள் யாங்சி ஆற்றை வணிகத்திற்குத் திறந்தன. மிஷனெரிகள் உள்நாட்டில் பயணம் செய்ய உரிமை தந்தன. அவ்வாண்டுச் சுங்க ஒப்பந்தம் அபினி இறக்குமதியையும் சட்டப்படி ஆக்கியது. 1860 அக்டோபரில் பீகிங் உடன்படிக்கை, பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் தலைக்கு எண்பது இலட்சம் தேல் வெள்ளி இழப்பீடு என விதித்தது. அத்தொகை வெளிநாட்டார் மேற்பார்வையில் இயங்கிய சுங்க வருவாயிலிருந்தே வரவேண்டும். கடன்பட்டவன் அழிந்தால் கடன் கொடுத்தவனுக்கு நட்டம். ஆகவே தோற்கடிக்கப்பட்ட சிங் அரசு வாழவேண்டியதாயிற்று. அபினியைத் தடைசெய்த கலகக்காரர் வெல்வதில் யாருக்கு ஆதாயம்? அந்த அபினியில் பெரும்பங்கு இந்திய மண்ணில் விளைந்தது. அவ்வாண்டுகளில் சீனத்திற்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படைகளில் இந்தியச் சிப்பாய்கள் பலர் இருந்தனர். ஆகையால் இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

1862 முதல் தலையீடு வெளிப்படையாயிற்று. ஷாங்காயைச் சுற்றி முப்பது மைல் வட்டத்திலிருந்து கலகக்காரரை அகற்ற அட்மிரல் ஹோப் முனைந்தார். மே மாதத்தில் நிங்போ நகர் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்களின் பீரங்கிகளால் மீட்கப்பட்டது. அமெரிக்கராகிய வார்டும், அவர் மறைந்தபின் 1863இல் ஆங்கில அதிகாரி கார்டனும் நடத்திய கூலிப்படை, என்றும் வெல்லும் சேனை என்ற பெயரில் பேரரசுக்காகப் போரிட்டது. மறுபுறம் ஷாங்காய் வணிகர் சிலர் கலகக்காரருக்கும் துப்பாக்கி விற்றுப் பொருள் ஈட்டினர்.

4. மாறிய செய்தி

கொள்கை மாறியபோது செய்தியும் மாறியது. கலகக்காரரின் நூல்களை ஆர்வத்துடன் அச்சிட்ட ஷாங்காய்ப் பத்திரிகையுலகில் இப்போது அவர்களை ஒடுக்க வேண்டுமென்ற குரல் ஓங்கிற்று. 1860இல் நான்கிங் சென்று பதினைந்து மாதங்கள் தங்கிய ராபர்ட்ஸ், 1862 ஜனவரியில் அங்கிருந்து ஓடிவந்து, தம் பழைய மாணவர் பித்தர் என்று பத்திரிகைகளுக்கு எழுதினார். நிங்போவின் பிரிட்டிஷ் கான்சல் ஹார்வி அனுப்பிய அறிக்கை, கலகக்காரரை அழிவைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களாகச் சித்தரித்தது. 1853இல் நியூயார்க் பத்திரிகையில் சீனப் புரட்சியை எதிர்நோக்கி எழுதிய கார்ல் மார்க்ஸ், 1862இல் வியன்னாப் பத்திரிகையில் அதே அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, தாய்ப்பிங் இயக்கத்தைப் பிசாசின் வேலையென இகழ்ந்தார். மிஷனெரிகள் அதில் ராஜ்யத்தின் விடியலைத் தேடினர்; மார்க்ஸ் ஐரோப்பியப் புரட்சியின் பொறியைத் தேடினார். எதிர்பார்த்தது கிட்டாதபோது இரு சாராரும் ஏமாற்றத்தோடு திரும்பினர்.

கலகக்காரரின் கொடுமை பொய்யன்று. 1861 இறுதியில் அவர்கள் முற்றுகையிட்டுப் பிடித்த ஹாங்சௌ நகரில் திரளான மக்கள் பட்டினியால் மாண்டனர். ஆனால் அதே 1861 செப்டம்பரில் பேரரசின் படை ஆன்சிங் நகரை மீட்டபோது அங்கு எஞ்சியிருந்தோரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதே. அது எத்தனை சபைகளில் சொல்லப்பட்டது? 1863 டிசம்பரில் சூசௌ நகரின் தாய்ப்பிங் தலைவர்கள் உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைந்தனர்; ஆளுநர் லி ஹொங்சாங் அவர்களைக் கொன்றார். கார்டன் வெகுண்டார், ஆயினும் அடுத்த ஆண்டில் மீண்டும் போர்க்களம் சென்றார். 1864 ஜூலையில் நான்கிங் விழுந்தபோது, மூன்று நாட்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கலகக்காரர் மாண்டதாகத் தளபதி செங் குவோஃபான் அரசருக்கு எழுதினார். எண் மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம், அதை அவர் பெருமையாக எழுதினார் என்பதே நம்மை நடுங்கச் செய்கிறது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கர்னல் சைக்ஸ் இத்தலையீட்டையும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட அறிக்கைகளையும் விடாமல் எதிர்த்தார். கலகக்காரருடன் சேர்ந்து போரிட்ட லிண்ட்லி என்னும் ஆங்கிலேயர் 1866இல் அவர்களுக்காக ஒரு பெருநூல் எழுதினார். ஆனால் அவரும் தம் நண்பர்களின் குற்றங்களை மெல்லவே தொட்டார். வென்ற அரசு கலகக்காரரின் நூல்களைத் தேடி அழித்தது. வெளிநாட்டார் எடுத்துச் சென்ற படிகள் மேலைநாட்டு நூலகங்களில் தங்கியதால் மட்டுமே இன்று அவர்கள் குரலை நாம் கேட்க முடிகிறது.

5. யுங் விங்கின் சாட்சி

இவ்விரைச்சலுக்கிடையே ஒரு சீனக் கிறிஸ்தவரின் சாட்சி தனித்து நிற்கிறது. யுங் விங் மிஷன் பள்ளியில் பயின்று, 1854இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1855இல் தாயகம் திரும்பிய அவர், காண்டனில் ஆளுநர் யே கலகக்காரரெனப் பிடிக்கப்பட்டோரைக் கும்பல் கும்பலாகத் தலைவெட்டிய கொலைக்களத்தைக் கண்டு, கலகத்திற்கு நியாயம் உண்டென்று உணர்ந்தார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. 1860இல் மிஷனெரிகளுடன் நான்கிங்கிற்கே சென்றார். வழியில் பாழாய்க் கிடந்த ஊர்களைக் கண்டார். அவ்வழிவு தாய்ப்பிங்குகளால் மட்டும் நேர்ந்ததன்று, பேரரசின் படைகளுக்கும் அதில் பங்குண்டு என்று விசாரித்தறிந்து எழுதினார். கலகத் தலைவர்களிடம் ஏழு சீர்திருத்தங்களை முன்வைத்தார். அவர்கள் அளித்த பட்டத்தை மறுத்தார். இவ்வியக்கத்தால் சீனம் புத்துயிர் பெறாது என்று முடிவு செய்தார். 1909இல் வெளியான தன்வரலாற்றில் இருதரப்பின் குற்றங்களையும் அவர் பதிவு செய்தார்.

இவருக்கும் பிறருக்கும் வேறுபாடு என்ன? அவரும் ஒரு நம்பிக்கையோடுதான் சென்றார். ஆனால் அந்நம்பிக்கைக்கு முரணாகக் கண்டதை மறைக்கவில்லை. ஏமாற்றமடைந்தபோது எதிர்த்தரப்பின் கொலைகளை மறக்கவுமில்லை.

6. நமக்குரிய படிப்பினை

வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமானாய்த் தோன்றுவான், மற்றவன் வந்து அவனைச் சோதிக்கும்வரை, என்ற கருத்து நீதிமொழிகளில் உண்டு. தாய்ப்பிங் போரில் திருச்சபை இரண்டு முறை முதற்பேச்சை மட்டும் நம்பியது. 1853இல் கலகக்காரர் நம்மவர் என்பதால் அவர்களது கொலைகள் சிறிதாயின. 1862இல் அவர்கள் நம்மவரல்லர் என்பதால் அவர்களைக் கொன்றோரின் கொலைகள் சிறிதாயின. இரண்டு சமயங்களிலும் ஒவ்வொரு செய்தியில் உண்மை இருந்தது. ஆயினும் தெரிந்தெடுத்துச் சொல்லப்பட்ட உண்மை பொய்ச்சாட்சியின் வேலையையே செய்தது.

வல்லரசுகளின் தன்னலத்தைக் கண்டறிந்தவுடன் கலகக்காரரின் வாளை மன்னிப்பதும் நமக்குத் தகாது. மஞ்சுக் குழந்தைகளைக் கொன்றவை பிரிட்டிஷ் பீரங்கிகளல்ல. அவ்வாறே கலகக்காரரின் கொடுமையைக் காட்டி, சரணடைந்தோரைக் கொன்ற அரசையும் அதற்குத் துணைநின்றோரையும் விடுவிக்க இயலாது. ஒருவரின் பாவம் மற்றவரின் பாவத்தைக் கழுவுவதில்லை.

இன்று தொலைதேசப் போர்களின் செய்தி நமது சபையாரின் கைபேசிக்கு ஆராதனைக்கு முன்னரே வந்துவிடுகிறது. கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டனர் என்றால் உடனே மன்றாடுகிறோம், அது நியாயமே. அதே ஊரில் கொல்லப்பட்ட பிற சமயத்தாரின் பெயரை நமது மன்றாட்டு சொல்லுகிறதா? ஒரு தரப்பைப் பேய், பூச்சி, குப்பை என்று அழைக்கும் செய்தியைப் பிரசங்கத்தில் எடுத்தாளுமுன், அச்சொல்லை முதலில் சொன்னவர் யார், அதனால் அவருக்கு என்ன ஆதாயம் என்று விசாரிக்கிறோமா? குருத்துவப் பயிற்சி பெறும் மாணவர்கள் மூலமொழியைக் கற்பதுபோல் இவ்விசாரணையையும் கற்க வேண்டும். அடுத்த ஞாயிறு ஏதேனும் ஒரு நாட்டின் போருக்காகச் சபையில் மன்றாடும்போது இருதரப்பிலும் மாண்டவர்களைச் சொல்லி மன்றாடுவோமாக. நமக்குப் பிரியமான தரப்பைக் குறித்து அவ்வாறு சொல்ல நமது நாவு தயங்குமானால், அத்தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் ஆராயத் தொடங்க வேண்டும்.