மஞ்சள் மூடிக் குழாயின் ஓர் இரவு

மாலை ஆறு மணியாகப் பத்து நிமிடம். சிற்றூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் ஒரு கலெக்‌ஷன் சென்டர். அங்கே பரிசோதனை எதுவும் நடப்பதில்லை. ரத்தம் எடுப்பார்கள், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், மாவட்டத் தலைநகரில் இருக்கும் லேபுக்கு அனுப்பிவைப்பார்கள். நாற்காலியில் அறுபதைக் கடந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். தினமும் டெல்மிசார்ட்டன் மாத்திரை. இப்படி ஒருவர் இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை.

“கையை இறுக்கி மூடுங்க ஐயா. விட்டு விட்டு மூடுங்க.”

ரத்த நாளம் எழும்ப வேண்டும் என்பதற்காக ரத்தம் எடுக்கும் பெண் சொல்கிறார். எங்கும் சொல்வதுதான். ஆனால் தசை சுருங்கும்போதெல்லாம் உள்ளிருந்து பொட்டாசியம் ரத்தத்துக்குள் வருகிறது. மேலே ரப்பர் பட்டை கட்டியிருப்பதால் அது அங்கேயே தேங்குகிறது. பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லவும் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. ஆக, குழாய்க்குள் போவதற்கு முன்பே இந்த ரத்தம் சற்று மாறியிருக்கிறது.

மூன்று குழாய்கள். முதலில் மஞ்சள் மூடி, அடுத்து ஊதா, கடைசியில் சாம்பல். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற உப்பு பூசியிருக்கும். அது பொட்டாசிய உப்பு. அதில் துளி மஞ்சள் குழாய்க்குள் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். குழாய்களுக்குள் காற்று இருக்காது. ஊசியின் பின்முனை மூடியைத் துளைத்தவுடன் வெற்றிடமே தேவையான அளவு ரத்தத்தை இழுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜோசப் கிளைனர் 1949இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

அந்தப் பெண் வரிசையைச் சரியாகவே பின்பற்றுகிறார். ஊதாக் குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார். மஞ்சளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி நேரம் எழுதுகிறார்: 5.50.

சாம்பிள் எடுத்துப்போகும் வண்டி ஐந்தரைக்கே போய்விட்டது. அடுத்த வண்டி காலையில்தான். மூன்று குழாய்களையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அவர் சென்டரைப் பூட்டுகிறார். பாலும் மாவும் கெடாமல் இருப்பதுபோல் ரத்தமும் குளிரில் கெடாது என்று யாருக்குமே தோன்றும்.

ஊதாக் குழாயைப் பொறுத்தவரை அது சரி. அதில் பார்க்கப்போவது எச்பிஏ1சி. ரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அந்த அணு சாகும்வரை, சுமார் 120 நாள், பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். இரண்டு மூன்று மாதச் சராசரியை ஒரே குழாயில் படிக்க முடிகிறது என்றால் அந்தக் கண்டுபிடிப்பே காரணம். ஒருநாள் இரவு குளிரில் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

மஞ்சள் குழாயின் கதை வேறு. அதில் உறையவிடாமல் தடுக்கும் உப்பு இல்லை. உறைவதற்குத்தான் அந்தக் குழாய். அரை மணி நேரத்தில் ரத்தம் கட்டியாகிவிடும். அதை சென்ட்ரிஃபியூஜில் போட்டுச் சுற்றினால் அணுக்கள் அடியில் படியும், வெளிர்மஞ்சள் சீரம் மேலே நிற்கும், அடியிலிருந்த ஜெல் நடுவே எழும்பி இரண்டுக்கும் சுவராக நின்றுவிடும். இந்த மாடியில் சென்ட்ரிஃபியூஜ் இல்லை. எனவே சுவர் எழவில்லை. அணுக்களும் சீரமும் இரவு முழுக்க ஒன்றாகக் கிடக்கின்றன.

வெளியே எடுத்தபின்னும் சிவப்பணு உயிரோடுதான் இருக்கிறது. அதற்குள் ஒரு லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் பொட்டாசியம், வெளியே சீரத்தில் 3.5 முதல் 5 வரைதான். இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு தானாக நிற்காது. அணுவின் சவ்வில் இருக்கும் பம்புகள் ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பம்பை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்புகளில் கண்டு 1957இல் எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து, 1997இல், நோபல் பரிசு வந்தது. நம் உடம்பில் நரம்பு துடிப்பதும் இதயம் அடிப்பதும் இதன் தயவில்தான்.

பம்பு ஓட வெப்பம் வேண்டும். ஃபிரிட்ஜின் நான்கு டிகிரியில் அது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. கசிவு மட்டும் நிற்பதில்லை. மணிக்கு மணி பொட்டாசியம் அணுவிலிருந்து சீரத்துக்கு நழுவுகிறது. அணு உடையவில்லை, அதனால் ஹீமோகுளோபின் வெளியே வரவில்லை, சீரம் சிவக்கவும் இல்லை. இதுதான் என்னைக் கவலைப்படுத்தும் இடம். அணு உடைந்த சாம்பிள் சிவந்துபோய்த் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும், மிஷினும் அந்த நிறத்தை அளந்து எச்சரிக்கும். குளிரில் கசிந்த சாம்பிளோ பார்க்க அப்பழுக்கில்லாமல் இருக்கும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடமிருந்து வரும் சாம்பிள்களில் குளிர்காலத்தில் பொட்டாசியம் கூடித் தெரிவதை அங்குள்ள லேப்காரர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அங்கே அதைச் செய்வது வானிலை. இங்கே ஃபிரிட்ஜ்.

காலை எட்டரைக்குக் குழாய் லேபுக்கு வந்து சேர்கிறது. பார்கோடு, சென்ட்ரிஃபியூஜ், அனலைசர். கிரியேட்டினின் 1.2. இதற்கு மிஷின் பயன்படுத்துவது, கார நீரில் பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்தால் ஆரஞ்சு நிறம் வரும் என்று 1886இல் மாக்ஸ் யாஃபே கண்ட வினை. இன்றைக்கும் பல லேபுகளில் அதுதான் ஓடுகிறது. பொட்டாசியத்துக்கு நிறம் இல்லை. அந்த அயனியை மட்டும் பிடித்துக்கொள்ளும் சவ்வு வைத்த எலக்ட்ரோடு, மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றித் தருகிறது.

6.3.

மிஷின் பொய் சொல்லவில்லை. குழாய்க்குள் இருப்பது 6.3தான். ரத்தம் கொடுத்தவரின் உடம்பிலும் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம்பிவிட எல்லா நியாயமும் இருக்கிறது. உணவில் வரும் பொட்டாசியத்தில் பெரும்பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். டெல்மிசார்ட்டன் அந்த ஹார்மோனைக் குறைக்கும். பல வருடச் சர்க்கரையும் சிறுநீரகத்தைத் தளர்த்தும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் தசையின் மின் ஓட்டம் குலையும், ஈசிஜியில் டி அலை கூம்பாக உயரும், துடிப்பே நின்றுபோகலாம். 6.3 என்ற எண்ணைப் பார்க்கும் எந்த மருத்துவரும் மாத்திரையை நிறுத்தவே நினைப்பார். நோயாளிக்குப் பொருந்தாத தவறான எண் உடனே பிடிபட்டுவிடும். பொருந்திவிடும் தவறான எண்தான் ஆபத்து.

ரிப்போர்ட் அச்சாகும் முன் டெக்னீஷியன் நிறுத்திவைக்கிறார். மூன்று மாதத்துக்கு முந்தைய எண்ணைத் திரையில் எடுக்கிறார்: 4.5. கிரியேட்டினின் அன்றும் 1.2, இன்றும் 1.2. சிறுநீரகம் மாறாமல் பொட்டாசியம் மட்டும் ஏன் இப்படி ஏறியது? ஊதாக் குழாயின் உப்பு கலந்திருக்குமோ என்று அதே சீரத்தில் கால்சியம் ஓட்டுகிறார். 9.4. கலக்கவில்லை. சீரத்தில் சிவப்பும் இல்லை. கடைசியாகக் குழாயைக் கையில் எடுத்து ஸ்டிக்கரைப் படிக்கிறார். எடுத்தது 5.50, மாலை. வந்தது காலை 8.30. பதினாலு மணி நாற்பது நிமிடம், சுற்றாமல், குளிரில்.

அவர் இரண்டு போன் செய்கிறார். மருத்துவரிடம் எண்ணையும் சந்தேகத்தையும் சேர்த்தே சொல்கிறார். எண்ணை மறைப்பதும் தவறு, சந்தேகத்தை மறைப்பதும் தவறு. அடுத்து கலெக்‌ஷன் சென்டருக்கு. “அவரை நேரா இங்கயே அனுப்புங்கம்மா, இன்னைக்கே.”

இன்னொரு தடவை ஊசியா என்று வீட்டில் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். லேப் குளறுபடி என்றும் பேச்சு வரும். என் பார்வையில், மறுபடி ரத்தம் கேட்கும் துணிவுள்ள லேப்தான் நம்பத் தகுந்தது. பரிசோதனையில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை மிஷினுக்குப் போகும் முன்பே, எடுப்பதிலும் வைப்பதிலும் அனுப்புவதிலும்தான் நேர்கின்றன. அதைப் பார்த்துப் பிடிப்பதற்கு ஆள் வேண்டும். மாடியில் இருக்கும் அந்தப் பெண்ணின் மேல் பழி போடவும் எனக்கு மனம் வரவில்லை. வரிசை சொல்லிக்கொடுத்தவர்கள் ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. சாம்பிள் இரவு தங்கிப் போகும் ஊரில் ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜாவது வைக்காமல் சென்டர் திறப்பதை அனுமதிக்கவே கூடாது. ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள், “வண்டி எப்போ போகும்?” என்று கேட்டுவிட்டு உட்காரலாம். வண்டி போன பிறகு போவதைவிட மறுநாள் காலையில் போவது மேல்.

அவர் அன்றே வந்தார். ஈசிஜி எடுத்தார்கள், டி அலைகள் வழக்கம்போல் இருந்தன. இந்த முறை விரல்களை மடக்கச் சொல்லவில்லை. அரை மணி உறையவிட்டு, உடனே சுற்றி, மதியத்துக்குள் எண் வந்தது: 4.6. டெல்மிசார்ட்டன் தொடர்கிறது.

பழைய மஞ்சள் குழாய், மறுபரிசோதனைக்குத் தேவைப்படலாம் என்று சில நாள் ரேக்கில் இருக்கும். பிறகு மூடியோடு சிவப்புப் பைக்குப் போகும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் வெற்றிடக் குழாய்களுக்கு ஒதுக்கிய நிறம் அது. நீராவியில் கிருமி நீக்கி, துண்டுதுண்டாக நறுக்கி, பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் எண், சாம்பிள் ஏற்கத்தக்கதல்ல என்ற காரணக் குறிப்போடு லேப் கணினியில் இருக்கும். மூன்று மாதம் கழித்து அவருடைய அடுத்த சாம்பிள் வரும்போது, டெக்னீஷியன் ஒப்பிட்டுப் பார்க்கும் எண் 4.6ஆக இருக்கும்.