வீட்டுக்குள் வந்த ஒலி



கண்ணைக் கட்டிக் கல்முனையின் எந்த ஒழுங்கையில் விட்டாலும் திசை சொல்லிவிடுவேன் என்று சிறுவயதில் நண்பர்களோடு பந்தயம் கட்டியதுண்டு. அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அலை இரைகின்ற பக்கம் கிழக்கு. திரௌபதை அம்மன் சடங்குக் காலத்தில் பாண்டிருப்பிலிருந்து உடுக்கொலி வருகின்ற பக்கம் வடக்கு. இன்னும் வடக்கே நடந்து மருதமுனை ஒழுங்கைகளுக்குள் நுழைந்தால் இரு மருங்கிலும் தறிச்சத்தம். கடற்கரைப் பள்ளியில் கொடியேறிய நாட்களில் றபான் ஓசை. பாங்கொலி எந்தப் பள்ளியில் முதலில் எழுந்து எந்தப் பள்ளிக்குத் தாவுகிறது என்பதை வைத்தே நான் நிற்கும் இடத்தை அறியலாம். நம் ஊர்களை நாம் காதாலும் அறிந்தவர்கள்.

அந்தப் பழைய பந்தயம் அண்மையில் நினைவுக்கு வந்தது. மருதமுனையில் இருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். கட்டாரில் தொழில் செய்யும் மகன் ‘ஹோம் தியேட்டர்’ ஒன்று அனுப்பியிருக்கிறான். தொலைக்காட்சிக்குக் கீழே வைக்க நீண்ட ஒலிப்பெட்டி ஒன்று, தடித்த ஒலிக்கு ஒரு வூஃபர், இருப்பவர்களுக்குப் பின்னால் வைக்க வயர் இல்லாத சிறு ஸ்பீக்கர்கள் இரண்டு. “சேர், புத்தகத்தில் எழுதியிருப்பதை வாசித்து எனக்குத் தமிழில் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார். தமிழ் ஆசிரியனுக்கு இப்படியும் ஒரு வேலை வரும்.

அந்த வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. ஆனால் அந்தப் பெட்டிகள் அந்த அறைக்கு வந்துசேர நூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இன்று அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இலங்கைக்கு வானொலியைக் கொண்டுவந்தவர் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹாப்பர். முதலாம் உலகப் போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றை அமைத்து, 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார்கள். 1925 டிசம்பர் 16இல் ‘கொழும்பு ரேடியோ’ முறையாகத் தொடங்கியது. பிரித்தானியாவில் பி.பி.சி. தொடங்கி மூன்றே ஆண்டுகள்தான் கடந்திருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினருக்காக இங்கு நிறுவப்பட்ட வலிமையான சிற்றலை நிலையம் பின்னர் நமக்குக் கிடைத்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ உருவானது. 1950இல் வர்த்தக சேவை. கடல் தாண்டித் தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலும் நம் அறிவிப்பாளர்களின் குரல்கள் கேட்ட காலம் அதன் பிறகு வந்தது.

அந்த நாள் வானொலிப் பெட்டியைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டி வைத்திருக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும். மின்சாரம் எட்டாத ஊரில் பெரிய பற்றரியும் வேண்டும். ஆகவே ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் பெட்டி இருந்தது. அந்த வீட்டு விறாந்தையில் மற்ற வீடுகள் எல்லாம் கூடின. நோன்புக் காலத்தில் நோன்பு திறக்கும் பாங்குக்காகப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தபடி வானொலியைச் சுற்றிக் காத்திருந்ததை முஸ்லிம் நண்பர்கள் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாடகம் ஒலிபரப்பாகும் வேளையில் அதே விறாந்தையில் பாண்டிருப்பாரும் இருந்தார்கள், மருதமுனையாரும் இருந்தார்கள்.

1954இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. பெட்டி சுருங்கிக் கைக்குள் அடங்கியது. வயலுக்கும் தோணிக்கும் போனது. நான் அறிந்த வானொலி அதுதான். என் சிறுபராயம் போர்க்காலம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒலியைத் தணித்துச் செய்தி கேட்போம். பற்றரி இறங்கினால் பகலில் வெயிலில் காயவைத்து மீண்டும் போடுவோம். பற்றரிக்குத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி வானொலி கேட்டார்கள். எவ்வளவு பயமான செய்தியாக இருந்தாலும் அது ஒரு பெட்டியிலிருந்து, ஒரு பக்கத்திலிருந்து வந்தது. நாங்கள் அதைச் சுற்றி இருந்தோம்.

ஆனால் மனிதச் செவிக்கு ஒரு பக்கம் போதாது. நமக்கு இரண்டு காதுகள். வலப்புறத்து ஓசை வலக்காதை முதலில் அடைகிறது. இடக்காதை அடைய அதற்கு மேலும் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம் பிடிக்கிறது. வலுவிலும் சிறு வேறுபாடு உண்டு. அந்தக் கணக்கைப் பார்த்து மூளை திசையைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1907இல் இதை விளக்கினார். சிறுவயதில் நான் கட்டிய பந்தயத்தின் இரகசியமும் இதுதான்.

ஒலிக்குள் எண் இருக்கிறது என்பது நம் கரைக்குப் புதிதல்ல. 1892இல் காரைதீவில் பிறந்து, கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையில் பயின்று, விஞ்ஞானப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலாநந்தர், மறைந்துபோன யாழ்களின் நரம்புகளையும் சுருதிகளையும் கணிதத்தால் மீட்டெடுத்து ‘யாழ் நூல்’ எழுதினார். 1947 யூனில் அந்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். செவிக்கு இனிமையாகத் தோன்றுவதற்கு அடியில் ஓர் அளவு இருக்கிறது என்று அவர் தமிழருக்குக் காட்டினார்.

அவர் சுருதியை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் இலண்டனில் இன்னொருவர் திசையை அளந்தார். அலன் பிளம்லைன் என்ற பொறியியலாளர் பின்னாளில் தம் மனைவியானவரோடு படம் பார்க்கப் போனார். திரையில் நடிகர் ஓரத்தில் நிற்கிறார். குரல் மட்டும் இருந்த இடத்திலிருந்தே வருகிறது. அது அவரை உறுத்தியது. 1931 டிசம்பரில் இரு வழி ஒலிக்கு அவர் காப்புரிமை கோரினார். இன்று ஸ்டீரியோ என்கிறோமே, அதன் மூலம் அது. 1942இல் ரேடார் கருவியொன்றைப் பரிசோதிக்கச் சென்ற விமானம் விழுந்து, முப்பத்தெட்டு வயதில் அவர் இறந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு வீடுகளுக்குள் வந்ததை அவர் காணவில்லை.

ஒலியை முன்னால் மட்டும் வைக்காமல் அரங்கைச் சுற்றி வைக்கலாம் என்று துணிந்தவர் வோல்ட் டிஸ்னி. 1940இல் ‘ஃபன்டேசியா’ படத்துக்காக அப்படி ஓர் ஏற்பாடு செய்தார். கருவிகளின் செலவும் பாரமும் தாங்காமல் சில நகரங்களோடு அது நின்றுபோனது. 1970களில் வீடுகளுக்கென்று நான்கு மூலைக்கு நான்கு ஸ்பீக்கர் முறை வந்தது. ஒரு கம்பனியின் தட்டு இன்னொரு கம்பனியின் கருவியில் சரியாகப் பாடாததால் அதுவும் தோற்றது.

வென்றவர் ரே டொல்பி. அவரது கதையில் நம் பக்கத்து நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1963 முதல் ஈராண்டுகள் யுனெஸ்கோவின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றியவர் அவர். 1965இல் இலண்டனில் தம் ஆய்வுகூடத்தைத் தொடங்கி, ஒலிநாடாவின் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சலை அடக்கும் முறையை உருவாக்கினார். அதன் வழியே டொல்பி ஸ்டீரியோ வந்தது. 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் விண்கலம் தலைக்கு மேலாகப் போவதைக் கேட்டவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்தார்கள். 1992இல் டிஜிட்டல் முறை வந்தது. தமிழில் 1995இல் வெளிவந்த ‘குருதிப்புனல்’ டொல்பி ஒலியை நம் செவிகளுக்கு அறிமுகப்படுத்திய படங்களில் முக்கியமானது. அடுத்த ஆண்டு டி.வி.டி. தட்டு வந்தபின் அரங்கின் ஒலி வீட்டுக்குள் நுழைந்தது. 5.1 என்று பெட்டியில் எழுதியிருப்பதன் பொருள், ஐந்து திசை ஒலியும், அவற்றுக்குத் துணையாக ஆழ்ந்த ஒலி மட்டும் தரும் வூஃபர் ஒன்றும் என்பதே.

நம் ஊர்களுக்கு இந்தப் பொருள்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வழியாக வந்தன. 1970களின் இறுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் விடுமுறையில் கொண்டுவந்த பொதிகளின் வழியாகத்தான். முதலில் வானொலியும் கசற்றும் சேர்ந்த ‘டூ இன் வன்’, 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின் தொலைக்காட்சி, பிறகு டெக், பிறகு தட்டுக் கருவி. பொதி பிரிக்கப்படும்போது தூரத்தில் உழைக்கும் மகனின் வியர்வையும் வீட்டுக்குள் வருகிறது. எனவே ஒரு பெற்றோரும் அதை வெறும் கருவியாகப் பார்ப்பதில்லை.

இனி நண்பரின் வீட்டுக்கு வருவோம். “வயர் இல்லை” என்பது பாதி உண்மை. ஒலிக்குத்தான் வயர் இல்லை, கரண்டுக்கு வேண்டும். பின்சுவரில் பிளக் இல்லாததால் முதலில் மின்வேலை செய்யும் தம்பி ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது. பிறகு பின் ஸ்பீக்கர்கள் விட்டுவிட்டு ஒலித்தன. இணையப் பெட்டியும் அவையும் ஒரே அலைவரிசைப் பகுதியில் பேசிக்கொண்டிருந்தன. பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றியதும் சீராயிற்று. அயலிலுள்ள பையன் ஒருவன் தன் புளூடூத் ஸ்பீக்கரையும் பின்னால் வைக்கலாமே என்றான். புளூடூத் ஒலி பெரும்பாலும் செக்கனில் பத்திலொரு பங்காவது பிந்தி வரும். அந்நேரத்தில் ஒலி காற்றில் 34 மீற்றர் போய்விடும். “நீ அதை உன் வீட்டில் வைத்தது போலத்தான் இருக்கும்” என்றேன், சிரித்தான்.

இறுதியாகத் தூரத்தை அளந்து கருவிக்குச் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களிலிருந்து ஒரே ஒலி வந்தால் முதலில் வந்தடையும் பக்கத்தையே செவி நம்பும் என்று ஹெல்முட் ஹாஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் 1949இல் காட்டினார். எங்கள் பின் ஸ்பீக்கர் ஒன்றரை மீற்றரில் இருந்தது. முன் பெட்டி மூன்று மீற்றரில். அளவைக் கொடுத்ததும் கருவி பின்னொலியைச் சற்றே தாமதிக்கவிட்டது. இருப்பவருக்குச் சற்றுப் பின்னே, இரு பக்கத்திலும், செவியின் உயரத்தில் என்று புத்தகம் சொன்னபடியே எல்லாம் வைத்தோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் எல்லோரும் வந்து அமர்ந்தார்கள். நண்பரின் தந்தை நடுவில் இருந்தார். ஆயுள் முழுவதும் தறியில் இருந்தவர்; ஒரு காது மந்தம். படம் ஓடியது. அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, “மகன், எல்லாச் சத்தமும் எனக்கு இந்தப் பக்கத்தாலதான் வருது” என்று தம் நல்ல காதைத் தொட்டுக் காட்டினார். ராலே பிரபுவின் கணக்குக்கு இரண்டு காது வேண்டும்.

பிறகு படத்தில் கடல் வந்தது. அலை முன்னால் எழுந்து, அறையைக் கடந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. நான் மெய்மறந்து இருந்தேன். நண்பரின் மனைவி எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார்.

அந்த வீடு 2004க்குப் பின் கட்டிய வீடு. அவ்வாண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் புகுந்தபோது, இலங்கை மாவட்டங்களுள் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் புதைகுழிகள். அன்று தப்பியவர்கள் மேற்கே ஓடித்தான் தப்பினார்கள். ஓடியவர்களுக்குக் கடல் கண்ணில் தெரியவில்லை. பின்னாலிருந்து சத்தமாகத்தான் வந்தது.

சிறிது நேரத்தில் அவர் உள்ளே வந்தார். கோபமில்லை. “தம்பி, இந்த ரெண்டையும் எனக்கு முன்னுக்கு வைங்க. முதுகுக்குப் பின்னால சத்தம் வேணாம்” என்றார். நண்பர் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் எழுந்து பின் ஸ்பீக்கர்களைக் கழற்றினோம். ஒன்றைத் தொலைக்காட்சிக்கு அருகில் வைத்தோம். மற்றதைப் பெரியவரின் நல்ல காதுப் பக்கம் வைத்தோம்.

நேயர்களே, நூறாண்டுக் காலம் பொறியியலாளர்கள் ஒலிக்குத் திசை தேடினார்கள். அது பெரும் சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் வரைந்த படத்தின் நடுவே இருப்பவர், இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், பின்னால் எதற்கும் அஞ்சாத ஒருவர். எங்கள் கரையில் அப்படிப்பட்ட ஒருவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்பு ஒரு பெட்டியைச் சுற்றி ஊர் இருந்தபோது யார் எங்கே இருப்பது என்பதை ஊரே தீர்மானித்தது. இப்போது பெட்டிகள் நம்மைச் சுற்றி வந்திருக்கின்றன. அவை எங்கே இருப்பது என்பதை வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும்.

நண்பரின் வீட்டில் இப்போது எல்லா ஒலியும் முன்பக்கம்தான் வருகிறது. புத்தகத்தின்படி அது பிழை. கட்டாரிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்டானாம், எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டதா என்று. “சரியாப் பொருந்திட்டு மகன்” என்று தாய் சொன்னாராம். நானும் அதையே சொல்வேன்.