அயல் நகரச் சாலையும் இட வல வழக்கும்

1931ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் இரவு, நியூயார்க் மாநகரின் ஐந்தாம் பெருஞ்சாலையில், நண்பர் ஒருவரின் இல்லத்தைத் தேடிச் சென்ற ஆங்கிலேயர் ஒருவர் வாடகை வண்டியினின்றும் இறங்கிச் சாலையைக் கடக்கலானார். வண்டிகள் இடப்புறமாகச் செல்லும் நாட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். பழக்கத்தின் வயப்பட்டு, வண்டி வரும் திசையை விட்டு எதிர்த்திசையை நோக்கினார். விரைந்து வந்த கார் அவரை மோதி வீழ்த்தியது. மருத்துவமனையில் கிடந்து உயிர் தப்பிய அவரே, 1940இல் பிரிட்டனின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில். பிழை தம்முடையதே, காரோட்டியுடையதன்று என்றும் அவர் கூறினார்.

நடந்து சென்றவர்க்கே இக்கதி எனின், அயல் நகரில் கால் வைத்த அன்றே முன்பின் அறியாதவரின் காரை வாடகைக்கு வாங்கி ஓட்டிச் செல்பவர் நிலை யாது? இன்று விமான நிலையந்தோறும் நடைபெறும் இச்செயல் எவ்வாறு இயல்வதாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

வாடகைக் கார் என்றால் ஓட்டுநரும் உடன் வருவார் என்பதே பழைய வழக்கம். வண்டியை மட்டும் கொடுத்தனுப்பும் தொழில் அமெரிக்காவில் வேர்கொண்டது. 1916இல் ஒமாகா நகரில் ஜோ சாண்டர்ஸ் என்பவர் தம் ஃபோர்டு வண்டியில் தொலைவு காட்டும் கருவியைப் பொருத்தி, மைலுக்கு 10 சென்ட் வீதம் வாடகை பெற்றார். 1918இல் சிக்காகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் 12 ஃபோர்டு வண்டிகளுடன் தொடங்கிய நிலையத்தை 1923இல் ஜான் ஹெர்ட்ஸ் வாங்கினார். ஹெர்ட்ஸின் பெயர் இன்றும் உலகெங்கும் விளங்குகிறது. ஜேக்கப்ஸை நினைப்பார் சிலரே. 1946இல் வாரன் ஏவிஸ் டெட்ராய்ட்டை அடுத்த வில்லோ ரன் விமான நிலையத்திலேயே கார்களை நிறுத்தி வாடகைக்கு விட்டார். வானூர்தியில் வந்திறங்குவோர்க்கு ஊர் எத்தகையது என்று கண்டறியவும் நேரம் இல்லாது போனது அது முதற்கொண்டுதான்.

வண்டி கிடைத்தால் போதுமா? வந்தவர் ஓட்டத் தெரிந்தவர்தாம் என்று அந்நாட்டார் நம்ப வேண்டும். அந்நாட்டுச் சாலை சொல்வதும் அவர்க்கு விளங்க வேண்டும். 1909ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிஸில் கூடிய நாடுகள் இதற்கு அடிகோலின. மேடுபள்ளம், வளைவு, நாற்சந்தி, இருப்புப்பாதைக் குறுக்கு ஆகிய நான்கு இடர்களுக்கும் பொதுச் சித்திரங்களை அவை ஏற்றுக்கொண்டன. எம்மொழியாரும் படிக்கத்தக்க எழுத்துகள் இவை என்னலாம். 1926இல் மீண்டும் பாரிஸில் ஏற்பட்ட ஒப்பந்தம் அனைத்துலக ஓட்டுநர் அனுமதிப் பத்திரத்தை வகுத்தது. பின்னர் 1949இல் ஜெனீவாவிலும் 1968இல் வியன்னாவிலும் ஒப்பந்தங்கள் விரிவாக்கப்பட்டன.

ஆயினும் எந்தப் பக்கம் செல்வது என்னும் வினாவிற்கு இவ்வொப்பந்தங்களுள் ஒன்றும் உலகிற்கெல்லாம் ஒரே விடை தரவில்லை. ஒரு நாட்டிற்குள் ஒரே பக்கம் இருத்தல் வேண்டும் என்பதோடு ஜெனீவா ஒப்பந்தம் நின்றுவிட்டது. லண்டன் பாலத்தில் 1756இலும், பிரிட்டனின் சாலைகளில் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நிலைபெற்ற இடப்பக்க வழக்கம் ஆங்கிலேயருடன் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. எவர்க்கும் குடியேற்ற நாடாகாத தாய்லாந்தும் இடப்பக்கமே செல்கிறது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவும் அவ்வாறே, ஹாலந்திலோ வலப்பக்கம். இடப்பக்கம் செல்லும் நாடுகளில் ஓட்டுபவர் வலப்புறம் அமர்கிறார். தேர் செலுத்துவோனைச் சங்கப் புலவர் வலவன் என்றது அவன் வல்லமை கருதி. எனினும் நம் காரோட்டிக்கு அப்பெயர் இருவகையாலும் பொருந்தும் போலும்.

ஒரு நாட்டிற்கு ஒரு பக்கம் என்னும் விதி எத்துணை வலியது என்பதை ஒகினாவா காட்டும். 1945இல் அத்தீவைக் கைப்பற்றிய அமெரிக்கப் படையினர் வலப்பக்க வழக்கைப் புகுத்தினர். 1972 மே 15ஆம் நாள் தீவு ஜப்பானிடம் திரும்பியது. ஜப்பானோ இடப்பக்க நாடு. ஜெனீவா ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த ஜப்பான் இரு வழக்குகளை வைத்துக்கொள்ளல் இயலாது. எனவே 1978 ஜூலை 29ஆம் நாள் இரவு 10 மணிக்குப் பொது வண்டிகள் நிறுத்தப்பட்டன. இரவோடிரவாகக் குறிப்பலகைகள் மாற்றப்பட்டு, மறுநாட்காலை 6 மணிக்குத் தீவு முழுவதும் இடப்பக்கம் ஓடத் தொடங்கியது. பழைய பஸ்களின் வாயில் இப்போது நடுச்சாலையை நோக்கியதால் புதிய பஸ்கள் வாங்க வேண்டியதாயிற்று. மக்கள் அந்நாளை மாதமும் தேதியும் சேர்த்து 'ஏழு-மூன்று-சுழி' என்றே வழங்கினர். இஷிகாக்கித் தீவில் அதற்கொரு நினைவுக் கல்லும் உண்டு. முப்பத்துமூன்று ஆண்டுக்காலப் பழக்கத்தை உடைய ஊரார், அக்காலையில் தம் தெருவிலேயே அயலாராயினர்!

இன்று அத்தீவிற்குச் செல்வோர் பலர் வாடகைக் காரையே நாடுகின்றனர். 2003இல் நாஹா நகரில் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயிலன்றி அங்கு வேறு ரயில் இல்லை. மலேசியரும் சிங்கப்பூரரும் பக்கம் மாற வேண்டுவதில்லை. திருப்பு விளக்கின் கோலும் ஜப்பானிய வண்டியில் நமக்குப் பழகிய வலக்கைப் பக்கமே இருக்கும். (ஐரோப்பிய வண்டிகளில் அது இடக்கையில்; திரும்பும்போதெல்லாம் மழை துடைப்பானை ஆட்டிவிட்டு விழிப்பவர் உண்டு.) ஆயின் 'நில்' என்பதற்கு ஜப்பானியர் இடும் பலகை எண்கோணம் அன்று, தலைகீழான சிவப்பு முக்கோணம். நம் நாடுகளில் அவ்வடிவம் வழிவிடுக என்னும் பொருளது. அதனை நம் பொருளிற் படித்து, நில்லாமல் மெல்ல நகர்வார் அங்கே விபத்திற்கே இடம் கொடுப்பர். 2017 முதல் அப்பலகையில் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து வருகின்றனர். தைவானிலும் கொரியாவிலும் இருந்து வருவோர்க்கு இடர் இன்னும் மிகுதி. அவர்தம் நாடுகள் வலப்பக்கத்தன. ஆதலின் ஒகினாவாவின் வாடகைக் கார்கள் பலவற்றின் பின்புறத்தில், ஓட்டுபவர் அயல்நாட்டினர் என்று அறிவிக்கும் தாள் ஒட்டப்படுகிறது. அதைக் கண்ட உள்ளூரார் சற்று விலகியே ஓட்டுகின்றனர்.