காலிப் பட்டியலும் நான் வெட்டிய ஒரு மதிப்பெண்ணும்



போன வாரம் அண்ணனூர் ஸ்டேஷனில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். மென்பொருள் வேலையில் இருக்கிறான். ரயில் வரும்வரை பேசியதில் பைத்தான் பற்றிப் பேச்சு வந்தது. "சார், காலிப் பட்டியல்மேல ஃபார் போட்டாலும் எல்ஸ் ஓடும், பாருங்க" என்று போனிலேயே ஓட்டிக் காட்டினான். எனக்குச் சுருக்கென்றது.

2019இல் நம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலுக்கு பைத்தான் வந்தது. ஃபார் மடக்குடன் எல்ஸும் அதில் உண்டு. ஒரு திருப்புதல் தேர்வில் ஒரு மாணவி, பட்டியல் காலியாக இருந்தாலும் எல்ஸ் இயங்கும் என்று எழுதியிருந்தாள். ஓடாத மடக்கு எப்படி முடிந்ததாகும் என்று நினைத்து, சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண் குறைத்தேன். வந்து கேட்டாள். "புத்தகத்தில் அப்படி இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டேன். கணினியில் போட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

என் தலையில் இருந்தது பழைய ஃபோர்ட்ரான். 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழு உருவாக்கிய மொழி. நம் நாட்டில் அது பரவியதில் கான்பூர் ஐஐடிக்குப் பெரிய பங்கு. 1963இல் அங்கே ஐபிஎம் 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கே கற்பித்தவர். நாங்கள் ஃபோர்ட்ரான் படித்தது அவர் புத்தகத்தில்தான்.

அந்த மொழியில் டூ மடக்கு இருக்கும். ஒன்றிலிருந்து என் வரை செய் என்று எழுதுவோம். என் பூஜ்யமானால்? 1966ஆம் ஆண்டுத் தரநிலை அதை அனுமதிக்கவே இல்லை. பெரும்பாலான கம்பைலர்கள் சோதனையை மடக்கின் அடியில் வைத்ததால், வேலையை ஒருமுறை செய்துவிட்டுத்தான் "முடிந்ததா?" என்று பார்க்கும். ஆளே இல்லாத வகுப்புக்கும் ஒரு மார்க் ஷீட் அடித்துவிடும்! அதனால் மடக்குக்கு முன்னால் ஒரு இஃப் போட்டுக் காவல் வைப்போம். இத்தனைக்கும் 1960இலேயே அல்கால் மொழி முதலில் சோதித்துவிட்டு, தேவையில்லை என்றால் ஒருமுறைகூட ஓடாமல் தாண்டிப் போனது.

ஃபோர்ட்ரான் 77 இதைத் திருத்தியது. எத்தனை முறை என்று முன்கூட்டியே கணக்கிடும். விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் ஓடாது. ஆனால் ஒருமுறையாவது ஓடும் என்று நம்பி எழுதிய பழைய நிரல்கள் ஏராளம். அவற்றுக்காகப் பல கம்பைலர்கள் பழைய நடத்தையையும் ஒரு விருப்பத் தேர்வாக வைத்திருந்தன.

பைத்தானுக்கு வருவோம். விடைத்தாள் கட்டைப் புரட்டுகிறீர்கள். தோல்வி ஒன்று கண்ணில் பட்டால் பிரேக், நிறுத்திவிடலாம். கடைசிவரை படவில்லை என்றால் எல்ஸ்: "அனைவரும் தேர்ச்சி". கட்டில் ஒரு தாளும் இல்லையென்றாலும் தோல்வி கண்ணில் படவில்லைதானே? அதனால் எல்ஸ் ஓடுகிறது. வெற்றுக் கணத்தின் எல்லா உறுப்புகளுக்கும் எந்தக் கூற்றும் உண்மை என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன்! கணக்கு வாத்தியாருக்கே அது உறைக்கவில்லை.

குழப்பம் அதோடு தீரவில்லை. வலைப்பக்கம் தயாரிக்கும் ஜின்ஜா பைத்தானிலேயே எழுதப்பட்டது. ஆனால் அதன் ஃபார் மடக்கில் எல்ஸ் என்றால், ஒரு சுற்றும் ஓடாதபோது மட்டும் என்று பொருள். ஜாங்கோவில் அதே வேலைக்கு 'எம்ப்டி', அதாவது காலி, என்றே சொல் வைத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. படிக்கிற பிள்ளை தடுமாறாது.

அந்த மாணவியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவளோடு படித்தவர்கள் இந்தப் பதிவில் பலர் இருக்கிறீர்கள். தயவுசெய்து அவளுக்கு இதை அனுப்புங்கள். அம்மா, நீ எழுதியது சரி. தவறு என்னுடையது, மன்னித்துக்கொள். அந்த விடைத்தாள் இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.