ஒரு பாடத்தைத் திருத்திச் சொல்கிறேன்



1965 போரில் அப்துல் ஹமீது பாட்டன் டாங்கிகளை உடைத்தார் என்று தேவாரம் வகுப்பறையில் வீரக் கதையாகச் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற நம் மாணவர் ஒருவர் அண்மையில் விளக்கினார்.

அது ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. துப்பாக்கி. வெடிவாயு பின்பக்கம் வெளியேறுவதால் உதைப்பு இல்லை, ஜீப்பே தாங்கும். ஆனால் சுட்டதும் பின்னால் தீயும் புழுதியும் கிளம்பி, இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். உடனே இடம் மாறியாக வேண்டும். தோளில் வைத்துச் சுடும் கார்ல் கஸ்டாவுக்கும் இதே கதிதான்.

செப்டம்பர் 10, கேம்கரன் பகுதி. ஒரு டாங்கியை அடித்து, இடம் மாறி இன்னொன்றையும் அடித்தார். அதற்குள் எதிரிகள் கண்டுகொண்டார்கள். அப்படியும் சுட்டுக்கொண்டே இருந்தவர், குண்டுவீச்சில் வீழ்ந்தார். வயது 32. பரம்வீர் சக்கரம் பிறகு வந்தது.

டாங்கிக்குள் இருப்பவருக்கு இரும்புக் கவசம். இவருக்கு வேகம் மட்டுமே. அதைச் சொல்லாமல் விட்டது என் குறை, பிள்ளைகளே.