கேஸ் ஏறின தண்ணீர்

எங்கள் நைனா சித்தூரில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு மெஷின், ஒரு கேஸ் சிலிண்டர், மரப்பெட்டிகளில் கோலி பாட்டில், அவ்வளவுதான். 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவாகி, வட ஆற்காட்டின் கலெக்டர் கச்சேரி வேலூருக்குப் போய்விட்டது. சோடாக்காரர்கள் அந்த எல்லையைக் கண்டுகொண்டதே இல்லை. பாட்டில் கழுத்துக்கு ரப்பர் வளையம் எங்களுக்கு வேலூரிலிருந்துதான் வரும்.

அந்த பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை வாங்கியவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். தண்ணீர் ஊற்றி, மெஷினில் மாட்டி, கேஸைத் திறந்து சக்கரத்தைச் சுற்றுவோம். பாட்டில் தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு இறங்கும். உள்ளே இருக்கிற கேஸே அதை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. இத்தனை சுருக்கமான பூட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மே மாதம் நடுவீதி கங்கம்மா ஜாத்திரை. சோடா அதிகம் போவதும் அப்போதுதான், கேஸ் சரியாக ஏறாமல் படுத்துவதும் அப்போதுதான். பூஜ்யம் டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அதில் பாதிகூடக் கரையாது. அதனால் ராத்திரியே பானைகளில் தண்ணீர் பிடித்து வைத்து, விடியுமுன் அடைப்போம். "சில்லுனு இருக்கறப்பவே ஏத்திடுடா" என்பார் நைனா. அழுத்தம் கூடக்கூட வாயு கூடுதலாகக் கரையும் என்று வில்லியம் ஹென்றி 1803-ல் கண்டு சொன்னதை, அவர் சிலிண்டர் திருகைத் திருப்பிக் காட்டுவார்.

பழைய சித்தூர் ஜில்லாவுக்குக் கடல் கிடையாது. 2022-ல் திருப்பதி தனி ஜில்லாவானபோது ஸ்ரீஹரிகோட்டா கரை அதற்குக் கிடைத்தது. அந்தக் கரையில் நின்றால் எனக்கு ராக்கெட் ஞாபகம் வருவதில்லை, செசரே மார்க்கெட்டி என்ற இத்தாலியர்தான் வருகிறார். புகைபோக்கிக் கரியமில வாயுவை ஆழ்கடலில் இறக்கிவிடலாம் என்று 1977-ல் எழுதியவர். கணக்கு எங்கள் மெஷின் கணக்குதான்: குளிர், அழுத்தம். 3,000 மீட்டருக்குக் கீழே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் முந்நூறு மடங்கு. அங்கே வாயு திரவமாகி, கடல்நீரைவிடக் கனத்து, அடியில் தங்கும். மேலே பனிக்கட்டி மாதிரி ஓர் ஏடு படிவதால் மெல்லத்தான் கரையும். 1998-ல் கலிபோர்னியா கடலில், சுமார் 3,600 மீட்டர் ஆழத்தில் ஒரு குடுவையில் ஊற்றிப் பார்த்தார்கள். உறைந்த பொருள் அடியில் சேரச்சேர, மேலிருந்த திரவம் விளிம்பைத் தாண்டி வழிந்தது.

கரைந்தது அமிலமாகிறது. சோடாவில் நாக்கைச் சுண்டும் அதே புளிப்பு, ஓடு கட்டி வாழும் கடல் உயிர்களின் ஓட்டை அரித்துவிடும். வடகிழக்கு அட்லாண்டிக்கைச் சேர்ந்த நாடுகள் 2007-ல் இப்படிக் கடலில் வாயுவை இறக்குவதைத் தடை செய்தன. கடலடிப் பாறைக்குள் செலுத்த மட்டும் வழிவிட்டன.