மழையில் நனைந்த மிளகுக் கிடங்கு

படிக்க வந்த இடத்துல நாலு நாள் லீவு கிடைச்சுது. ரோம், வெனிஸ்னு ரயிலேறினா ரெண்டு ஊர்லயும் மழை! தேவாரத்துக்காரனுக்கு இதெல்லாம் புதுசா என்ன? மேல மலையில சாரல் பிடிச்சா நாள்கணக்குல விடாதே :-)

ரோமன் ஃபோரத்துல மாக்சென்டியஸ் பசிலிக்கா பக்கம் ஒதுங்கினேன். 4ம் நூற்றாண்டுக் கட்டிடம். அதுக்கு அடியில இருந்தது என்ன தெரியுமா? முதலாம் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசர் கட்டின மிளகுக் கிடங்கு! நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில விளைஞ்சு, முசிறித் துறைமுகத்தில் கப்பலேறின மிளகு. அந்தக் கப்பல்களை முசிறிக்குக் கொண்டுவந்தது தென்மேற்குப் பருவக்காற்று. நமக்குச் சாரல் தர்ற அதே காற்றுதான்.

கி.பி. 408ல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போகக் கேட்டது தங்கம் 5,000 பவுண்டு, வெள்ளி 30,000 பவுண்டு, கூடவே மிளகு 3,000 பவுண்டு. பின்னாளில் வெனிஸ் வியாபாரிகள் கொழிச்சதிலும் மிளகுக்குப் பெரிய பங்கு உண்டு. 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததும் அதைத் தேடித்தான்.

ராத்திரி அப்பத்தாவுக்குப் போன் போட்டேன். ஜீப்புல மலையேறி, ஏலத்தோட்டத்து மரத்துல ஏணி சாத்தி மிளகு பறிச்ச மனுஷி. “நீ பறிச்ச மிளகுக்கு ராஜாவே கிடங்கு கட்டியிருக்கான் அப்பத்தா!”

“பறிச்சவளுக்குக் கூலி என்ன குடுத்தானாம்?”

நான் படிச்ச எந்தப் புத்தகத்திலயும் அந்தக் கணக்கு இல்லை.